வீட்டுத் திறப்பைக் கொடுத்தால் கடன் போய்விடுமா? ஈட்டு வீடும் வங்குரோத்தும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. அதுவரை பத்திரிகையின் உட்பக்கத்தில் கிடந்த ‘வங்குரோத்து’ என்ற சொல் அன்றோடு கிளிநொச்சிச் சந்தைக்கு வந்துவிட்டது. கடன் கொடுத்தவர்களோடு நாடு பேசித் தவணையை நீட்டிக்கொண்டது, ஒரு பகுதியைக் கழித்தும் கொண்டது. அதைப் பார்த்துவிட்டு, “நானும் வங்குரோத்து என்று எழுதிக் கொடுத்து, வீட்டுத் திறப்பை வங்கி மேசையில் வைத்துவிட்டு வந்தால் முடிந்துவிடும்தானே?” என்று கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள்.

நான் சட்டத்தரணி அல்ல. கூட்டுறவுக் கடன் பிரிவு ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வங்கியிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் வரும் கடிதங்களை அயலவர்களுக்கு வாசித்து விளக்குவது இப்போது என் பொழுதுபோக்காகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் காணிக்கு எது பொருந்தும் என்பதைக் காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியே சொல்லவேண்டும்.

திறப்பை ஒப்படைத்துவிட்டால் கடன் முடிந்துவிடுமா?

முடியாது. வன்னியில் பல குடும்பங்களை இரண்டாம் முறை விழுத்துவது இந்த நம்பிக்கைதான்.

ஈட்டு உறுதியில் நீங்கள் இரண்டு காரியங்களுக்குக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தருவேன் என்பது ஒன்று. தராவிட்டால் இந்தக் காணியை விற்று எடுத்துக்கொள்ளலாம் என்பது மற்றையது. காணி போனால் இரண்டாவது வாக்குத்தான் நிறைவேறுகிறது. முதலாவது அப்படியே நிற்கிறது.

கணக்காகப் பார்ப்போம். 40 இலட்சம் ரூபாய் கடன், வட்டியும் தண்டமும் ஏறி 52 இலட்சமாகிவிட்டது. ஏலத்தில் வீடு 35 இலட்சத்துக்குப் போகிறது. ஏலச் செலவு, விளம்பரச் செலவு எல்லாம் உங்கள் தலையில். மிச்சம் 17 இலட்சத்துக்கு மேல். வீட்டையும் இழந்து, வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அந்த 17 இலட்சத்துக்கான வழக்குக் கடிதத்தை நீங்கள் வாங்கவேண்டி வரலாம்.

ஆகவே விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுத்தால், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். வீட்டை ஏற்றுக்கொள்வது ‘கடன் முழுவதற்குமான இறுதித் தீர்வாக’ என்று வங்கியின் கடிதத்தாளில், அதிகாரமுள்ளவரின் கையெழுத்தோடு வாங்குங்கள். கிளை முகாமையாளர் நல்லவராக இருக்கலாம், உங்கள் மகளின் கலியாணத்துக்கும் வந்திருக்கலாம். அடுத்த ஆண்டு அவர் மாற்றலாகிப் போய்விடுவார், கோப்பு மட்டும்தான் கிளையில் இருக்கும். வங்கி அப்படி எழுதித் தர மறுத்தால், திறப்பைக் கொடுப்பதால் உங்களுக்கு என்ன நன்மை என்று மீண்டும் ஒருமுறை யோசியுங்கள்.

இலங்கையில் தனிமனிதர் வங்குரோத்து அறிவிக்கச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கடனிறுக்க வகையற்றோர் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. கடன்பட்டவர் தானாகவே மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம், கடன் கொடுத்தவரும் கொடுக்கலாம். நீதிமன்றம் ஒருவரைச் சொத்துப் பொறுப்பாளராக நியமிக்கும். உங்கள் சொத்து அவர் கைக்குப் போய், விற்கப்பட்டு, கடன்காரர்களுக்குப் பங்கிடப்படும். நீங்கள் நீதிமன்றத்தில் நின்று கணக்குச் சொல்லவேண்டும். எதையும் மறைக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டால் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழிலும் தரங்கள் உண்டு: தவிர்க்கமுடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு ஒரு தரம், சொந்தக் கவனக்குறைவால் விழுந்தவருக்கு வேறொரு தரம்.

புத்தகத்தில் இருக்கும் இந்தச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுத்தவர் ஒருவரையும் என் வேலைக் காலத்தில் நான் இங்கே கண்டதில்லை. வழக்குச் செலவுக்கே கையில் பணம் வேண்டும். அது இருந்தால் இரண்டு தவணை கட்டியிருப்பார்கள். ஆகவே “வங்குரோத்து அடித்துவிடுவேன்” என்று வங்கியில் மேசையைத் தட்டுவதில் பயனில்லை. அப்படி அறிவிக்கப்பட்டு விடுவிக்கப்படாதவர் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது என்று அரசியலமைப்பு சொல்கிறது. உங்களில் எவருக்கும் அந்தக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன்.

வங்குரோத்து ஆகிவிட்டால் ஈடு வைத்த வீட்டை வங்கி தொட முடியாது என்கிறார்களே?

தவறு. ஈடு காணியோடு ஒட்டியது. மற்றக் கடன்காரர்கள் வரிசையில் நிற்கும்போது, ஈடு பிடித்தவர் தன் காணியைத் தனியே எடுத்துக்கொண்டு போகலாம். மிச்சக் கடனுக்குத்தான் அவரும் வரிசைக்கு வருவார்.

வழக்குப் போடாமலே வங்கி வீட்டை ஏலம் விடலாமா?

சில கடன்களுக்கு விடலாம். பத்திரிகைகள் ‘பராட்டே’ என்று எழுதுவது இதைத்தான். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க, வங்கிகளால் கடன் அறவிடும் விசேட ஏற்பாடுகள் சட்டம் வங்கியின் பணிப்பாளர் சபைக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. சபை தீர்மானம் எடுக்கும், வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும், பிறகு ஏலம்.

2011இல் கொண்டுவந்த திருத்தம் சிறு கடனாளிகளுக்கு ஒரு வேலி கட்டியது. வாங்கிய கடனின் முதல் தொகை 50 இலட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் ஏலம் விட முடியாது. இந்தக் கணக்கில் வட்டியும் தண்டமும் சேராது. 30 இலட்சம் வாங்கி இன்று 60 இலட்சமாகி நின்றாலும், முதல் 30 தான். அப்படிப்பட்ட கடனுக்கு வங்கி மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். வழக்குக்குக் காலம் எடுக்கும். அந்தக் காலம் உங்களுக்குப் பேசுவதற்குக் கிடைக்கும் காலம்.

இரண்டு எச்சரிக்கைகள். இலங்கை வங்கி, மக்கள் வங்கி ஆகிய அரச வங்கிகள் இரண்டுக்கும் அவற்றின் சொந்தச் சட்டங்களிலேயே ஏலம் விடும் அதிகாரம் இருக்கிறது. எனவே கடிதம் வந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று முதலில் பாருங்கள். அடுத்தது, 2024இல் பராட்டே நிறுத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டு இன்னும் அதை நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அது தற்காலிகத் தடை. 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது.

ஏலத் திகதி குறித்து அறிவித்தல் வந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏலத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பாகத் திகதியையும் இடத்தையும் அறிவிக்கவேண்டும். ஏலத்துக்கு முன் நிலுவையும் செலவும் முழுதாகக் கட்டினால் ஏலம் நின்றுவிடும். முழுதாகக் கட்ட முடியாதவர்கள் ஒரு பகுதியைக் கொண்டுபோய், எழுத்தில் தவணை கேட்டு, திகதியைத் தள்ளிப்போட வைத்ததை நான் கண்டிருக்கிறேன். அது வங்கியின் தயவு, உங்கள் உரிமை அல்ல. ஆனாலும் கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

ஏலத்தில் நல்ல விலை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் ஊர்களில் அயலவனின் வளவை ஏலத்தில் கேட்க ஒருவரும் வரமாட்டார்கள். பாவம் என்று ஒதுங்குபவர்கள் பாதி, பகை வரும் என்று ஒதுங்குபவர்கள் பாதி. இந்த நல்ல குணம் கடன்பட்டவனுக்கே வினையாகிறது, ஏனென்றால் கேட்க ஆளில்லாத காணி அடிமாட்டு விலைக்குப் போகும், அல்லது வங்கியே எடுத்துக்கொள்ளும். வங்கி எடுத்திருந்தால், அது வேறு ஒருவருக்கு விற்கும்வரை நீங்கள் போய்ப் பேசலாம். ஏலப் பணம் கடனைவிடக் கூடினால் மிச்சம் உங்களுக்கு உரியது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏலம் முடிந்த அன்றே எங்களை வெளியே போகச் சொல்லலாமா?

சொல்லலாம், தள்ள முடியாது. வாங்கியவர் மாவட்ட நீதிமன்றத்தில் உடைமை ஒப்படைக்கும் கட்டளை பெற்று, நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் வந்துதான் வெளியேற்றலாம். வங்கி ஊழியரோ அறவிடும் ஆளோ வந்து வீட்டைப் பூட்டினால், மின்சாரத்தை வெட்டினால், சாமானைத் தூக்கி வெளியே வைத்தால், பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.

மிச்சக் கடனுக்குத் தீர்ப்பு எடுத்து வந்தாலும் எல்லாவற்றையும் அள்ள முடியாது. உடுப்பு, படுக்கை, சமையல் பாத்திரம், தொழில் கருவி, கமக்காரனின் உழவு மாடு, விதைநெல் போன்றவற்றைக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விலக்கி வைத்திருக்கிறது. மாட்டால் உழுத காலத்தில் எழுதியது. உங்கள் முற்றத்தில் நிற்கும் லீசிங் உழவு இயந்திரம் இந்தக் கணக்கில் வராது, அது இன்னும் லீசிங் நிறுவனத்தின் சொத்து.

ஏலத்துக்கு விடாமல் நானே விற்றுக் கட்டினால்?

என்னைக் கேட்டால் முதலில் பார்க்கவேண்டிய வழி இதுதான். ஆட்கள் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். வெட்கம் ஒரு காரணம். ‘கடனுக்கு விற்கிறார்கள்’ என்று தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பார் என்ற பயம் மற்றக் காரணம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஏல விலையைவிட அந்தக் குறைந்த விலையும் பெரும்பாலும் கூடத்தான் இருக்கும்.

கொழும்பில் ஏழு பேர்ச் காணியில் வீடு வைத்திருப்பவருக்கு இல்லாத ஒரு வசதி வன்னியில் இருக்கிறது. இங்கே வளவு அரை ஏக்கர், முக்கால் ஏக்கர், சில இடங்களில் அதற்கும் மேல். வீட்டை விற்கத் தேவையில்லாமல் வளவின் ஒரு பாதியை விற்றுக் கடனின் பெரும்பங்கை இறக்கலாம். அதற்கு ஒழுங்கு இருக்கிறது. முதலில் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: இன்ன துண்டை இன்ன விலைக்கு விற்று அந்தப் பணத்தைக் கட்டினால், அந்தத் துண்டை ஈட்டிலிருந்து விடுவிப்பீர்களா? ஆம் என்றால் நில அளவையாளரைக் கொண்டு புது வரைபடம் எடுங்கள். வாங்குபவரின் பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகட்டும். விடுவிப்பும் விற்பனை உறுதியும் ஒரே நாளில், ஒரே நொத்தாரிசின் முன் நடக்கட்டும்.

துண்டு பிரிக்கும்போது பாதையையும் கிணற்றையும் மறந்துவிடாதீர்கள். வீதிப் பக்கத்துத் துண்டுக்கு நல்ல விலை என்று அதை விற்றுவிட்டு, பின்னால் இருக்கும் தன் வீட்டுக்கு அடுத்த வேலிப் பொட்டுக்குள்ளால் போய்வந்த ஒருவரை எனக்குத் தெரியும். பாதை எத்தனை அடி, கிணற்றில் யாருக்குப் பங்கு என்று உறுதியிலேயே எழுதுங்கள். வாங்குபவர் மைத்துனராக இருந்தாலும் எழுதுங்கள்.

விற்கும் காலமும் ஒரு விஷயம். காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற கையோடு மாசி, பங்குனியில்தான் இங்கே ஆட்களிடம் பணம் புழங்கும். வங்கியிடம் தவணை கேட்கும்போது அந்த மாதங்களைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கமக்காரர் மாதாமாதம் கட்டுவார் என்று எழுதிய கடன் அட்டவணையே பிழை என்பது என் பழைய வாதம். என் நிறுவனத்தில் எவரும் அதைக் கேட்டதில்லை.

எங்களுடையது உறுதிக் காணி இல்லை, அனுமதிப்பத்திரக் காணி. அதையும் எடுப்பார்களா?

இரணைமடுவின் கீழும் மற்றக் குளங்களின் கீழும் இருக்கும் குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதிப்பத்திரமாக இருந்தாலும் அளிப்புப் பத்திரமாக இருந்தாலும், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஈடு வைக்கவோ விற்கவோ முடியாது. சம்மதம் இருந்தாலும் சட்டம் ஏற்றுக்கொண்ட நிறுவனங்களிடம்தான் ஈடு வைக்கலாம். வட்டிக்குப் பணம் கொடுப்பவர் உங்கள் அனுமதிப்பத்திரத்தை வாங்கி அலுமாரியில் வைத்திருந்தால், அவரிடம் இருப்பது ஒரு தாள். காணி அவருக்கு ஈடாகவில்லை. பத்திரம் தொலைந்தது என்று பொய் சொல்லாதீர்கள். நடந்ததைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் சொல்லுங்கள். கடன் உண்மையானால் அதைக் கட்டும் கடமை வேறு, காணி போவது வேறு.

முறையாகச் சம்மதம் பெற்று வங்கிக்கு ஈடு வைத்திருந்தால் கதை மாறும், ஈடு செல்லும்.

2024இல் ‘உறுமய’ என்ற பெயரில் இப்படிப்பட்ட காணிகளுக்கு முழு உரிமை உறுதி கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள், நானும்தான். ஆனால் அந்த உறுதி கைக்கு வரும் நாளில் பிரதேச செயலாளர் என்ற வேலியும் போய்விடுகிறது. சுதந்திரமாக ஈடு வைக்கலாம் என்றால் சுதந்திரமாக இழக்கவும் முடியும். உறுதி கிடைத்த மறுமாதமே ஒருவர் கடன் விண்ணப்பத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அவரிடமும் இதைத்தான் சொன்னேன்.

இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. அதை எப்படி எடுக்கலாம்?

வீட்டுக்குக் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் நன்கொடை. அதற்காக ஒருவரும் வீட்டை எடுக்க வரமாட்டார்கள். ஆனால் பலர் அந்தப் பணம் போதாமல், அறை ஒன்று கூட்டவும் நிலத்துக்கு ஓடு பதிக்கவும் கடன் எடுத்தார்கள். காணியை ஈடு வைத்திருந்தால், அதன் மேல் நிற்கும் வீடும் ஈட்டுக்குள்தான்.

காணி கணவர் பெயரில். அவர் 2009இல் காணாமற்போனவர். கடனுக்கு நான் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள்.

முதலில் எதை ஈடு வைத்தீர்கள் என்று பாருங்கள். கணவர் பெயரில் உள்ள காணியை நீங்கள் தனியாக ஈடு வைக்க முடியாது. அப்படியொரு பத்திரம் எழுதப்பட்டிருந்தால் அதன் செல்லுபடியே கேள்விக்குரியது. நீங்கள் கையெழுத்து வைத்தது வெறும் கடன் உடன்படிக்கையாக இருந்தால், கடன் உங்களுடையது, காணி ஈட்டில் இல்லை.

அடுத்தது தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம். வட மாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கு அது பொருந்தும். மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்குப் பொருந்துமா என்பது வதிவிடத்தைக் கொண்டு தீர்மானிக்கவேண்டியது. தேசவழமையில் சொத்து மூன்று வகை: முன்னோர் வழி வந்த முதுசம், பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுத்த சீதனம், தேடியதேட்டம். கலியாணத்துக்குப் பிறகு இருவரின் காலத்தில் சம்பாதித்தது தேடியதேட்டம், அதில் மனைவிக்கும் பங்கு உண்டு, உறுதியில் எவர் பெயர் இருந்தாலும். அதே சட்டம் மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. கணவர் எங்கே என்று தெரியாதபோது அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. பல பெண்களுக்கு இது தெரியாது, சில நொத்தாரிசுகளும் சொல்வதில்லை.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் காணப்படாமைச் சான்றிதழ் எடுக்கலாம். எதை எடுப்பது என்பதை உங்கள் மனம் தீர்மானிக்கட்டும். வங்கிக் கடனுக்காக அவசரப்பட்டு மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்கும்படி உங்களை வற்புறுத்த எவருக்கும் உரிமை இல்லை.

மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டால் வீடு தப்பாதா?

ஈடு பதிவான காணியை எவருக்கு எழுதினாலும் ஈடும் கூடவே போகும். மகளுக்கு நீங்கள் கொடுப்பது வீட்டோடு சேர்ந்த கடன் சுமை. ஈட்டில் இல்லாத வேறு காணியை, கடன் முற்றிய நேரத்தில் பிள்ளை பெயருக்கு மாற்றினாலும், கடன்காரரை ஏமாற்றச் செய்தது என்று நிரூபித்து நீதிமன்றத்தில் அதை இரத்துச் செய்விக்கலாம். மருமகன் வீட்டார் நீதிமன்ற அழைப்பாணையோடு வந்து நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

வீட்டை விட்டுக்கொடுத்தால் பிணை நின்றவர்கள் தப்புவார்களா?

மிச்சக் கடன் இருந்தால் தப்பமாட்டார்கள். இங்கே பிணை நிற்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர், கிராம அலுவலர், கந்தோர் ஊழியர். சம்பளம் உள்ளவர் என்பதாலேயே பிடித்து இழுக்கப்பட்டவர்கள். வங்கியோடு தீர்வு பேசும்போது பிணையாளிகளும் விடுவிக்கப்படுகிறார்கள் என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். வீடு போவதற்கு முன் அவர்களிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்ட பிணையாளி பிறகு உங்கள் வீட்டுச் செத்தவீட்டுக்கும் வரமாட்டார்.

வங்கியல்ல, வட்டிக்குக் கொடுப்பவர். ஈடு என்று சொல்லி அறுதி உறுதியில், அதாவது விற்பனை உறுதியில், கையெழுத்து வாங்கிவிட்டார்.

மிகப் பழைய தந்திரம். ஈடு எழுதினால் வழக்குப் போட்டு, தீர்ப்பெடுத்து, விற்கவேண்டும். ‘கட்டாவிட்டால் காணி எனக்கே’ என்று ஈட்டில் எழுதும் நிபந்தனையை எங்கள் பொதுச் சட்டம் ஏற்காது. அதைச் சுற்றிப் போகத்தான் விற்பனை உறுதி எழுதி, ‘பணம் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்’ என்று வாயால் சொல்கிறார்கள்.

வழி முழுதாக அடைபடவில்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின் கீழ், உண்மையில் காணியின் பயன் உரிமையைக் கைமாற்றும் எண்ணம் இருக்கவில்லை என்று சூழ்நிலைகளைக் கொண்டு நிரூபிக்கலாம். நீதிமன்றம் எதைப் பார்க்கும்? காணியின் உண்மைப் பெறுமதிக்கும் உறுதியில் உள்ள தொகைக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறதா, உறுதிக்குப் பிறகும் நீங்கள்தான் குடியிருந்தீர்களா, தேங்காய் பறித்தது யார், வட்டி கட்டிய அடையாளம் உண்டா. ஆகவே வீட்டை விட்டு எழும்பிப் போகாதீர்கள். வட்டி கட்டிய துண்டுகளை, வங்கி வைப்புச் சீட்டுகளை, கைத்தொலைபேசிக் குறுஞ்செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். இந்த ஒரு விடயத்தில் மட்டும், திறப்பைக் கொடுத்தால் வழக்கையும் சேர்த்துக் கொடுத்ததுபோல ஆகிவிடும்.

ஒற்றி வேறு. காணியின் விளைச்சலை வட்டிக்குப் பதிலாக அனுபவிக்க விடுவது அது. முதலைக் கட்டினால் காணி திரும்பும்.

கடன் கட்டாவிட்டால் மறியலில் போடுவார்களா?

கட்ட வழியில்லாமல் போவது குற்றமல்ல. காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் கவனம், கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்து கொடுத்த காசோலை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம். நுண்நிதி அறவிடுபவர் வாசலில் நின்று “பொலிஸில் பிடித்துக் கொடுப்பேன்” என்று கத்தினால், எந்தச் சட்டத்தில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மகன் கனடாவில் வங்குரோத்து அறிவிக்கப் போகிறான். வன்னியில் அவன் பெயரில் உள்ள வீடு?

அங்கே இது வேறு உலகம். உரிமம் பெற்ற பொறுப்பாளர் ஒருவர் ஊடாக அறிவிக்கலாம். முதல் தடவை அறிவிப்பவர், வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டாவிட்டால், பொதுவாக 9 மாதத்தில் விடுவிக்கப்படுகிறார். ஈட்டு வீட்டை வங்கியிடம் விட்டு, விற்று வந்த பணம் போதாவிட்டாலும் அந்த மிச்சம் மற்றக் கடன்களோடு வங்குரோத்துக்குள் அடங்கும். நம் ஆட்களின் ‘திறப்பைக் கொடுத்தால் முடிந்தது’ என்ற கதை டொரொண்டோவிலிருந்து தொலைபேசியில் வந்ததாகத்தான் இருக்கவேண்டும். இங்கிலாந்திலும் வங்குரோத்துப் பொதுவாக 12 மாதம், ஈட்டு வீட்டின் மிச்சக் கடனும் அதற்குள் வரும்.

ஆனால் இரு நாட்டிலும், சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும் சொல்லவேண்டும். புதுக்குடியிருப்பில் இருக்கும் தகரக் கொட்டிலும் சொத்துத்தான். “அங்கே இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். மறைத்தது பிடிபட்டால் விடுவிப்பு தடைப்படும், தண்டனையும் வரலாம். அறிவிப்பதற்கு முன் அவசரமாகத் தாய் பெயருக்கு எழுதினாலும், உறவினருக்குக் குறைந்த விலையில் மாற்றியதை 5 ஆண்டு வரை பின்னோக்கிப் பார்க்க இரண்டு நாட்டுச் சட்டத்திலும் இடமிருக்கிறது.

வீடு உண்மையில் உங்களுடையது, மகன் பெயரில் எழுதியது மட்டும்தான் என்றால், அதையும் மறைக்காமல் அங்கே பொறுப்பாளரிடம் அத்தாட்சியோடு சொல்லச் சொல்லுங்கள்.

‘கிறிப்’பில் பெயர் விழுந்தால் வாழ்நாள் முழுதும் கடன் கிடைக்காதா?

கடன் தகவல் பணியகத்தில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்றில்லை, நீங்கள் கட்டியதும் கட்டாததும் அங்கே பதிவாகும். பார்த்து முடிவெடுப்பது அடுத்த வங்கி. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். பிழை இருந்தால் திருத்தக் கேளுங்கள்.

எங்கே உதவி கேட்பது?

சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது, வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றி உதவும். உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரித்தால் அலுவலகம் எங்கே என்று சொல்வார்கள். வங்கி நடந்துகொண்ட முறையில் குறையென்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் சரியில்லாவிட்டால் மத்திய வங்கிக்கு எழுதுங்கள். அதன் அலுவலகம் ஒன்று கிளிநொச்சியிலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டியை ஒரேயடியாக 7 புள்ளி உயர்த்தி 14.5 சதவீதமாக்கியபோது, மாறும் வட்டிக் கடன் எடுத்தவர்களின் தவணை எகிறியது. உங்கள் கடன் அந்த வகையா, பிறகு வட்டி இறங்கியபோது உங்கள் தவணையும் இறங்கியதா என்று கணக்கறிக்கை கேட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஒரு கோப்பில் ஏறியது மட்டும் பதிவாகியிருந்தது, இறங்கியதைக் காணவில்லை. கேட்ட பிறகு திருத்தினார்கள்.

எல்லாம் பேசி முடிந்து, வீட்டை ஒப்படைக்கும் நாள் வந்துவிட்டது. என்ன செய்யவேண்டும்?

தீர்வுக் கடிதம் கைக்கு வந்ததா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் அன்று ஒப்படைக்கவேண்டாம். மின்சாரப் பட்டியலைக் கட்டி, மீற்றர் இலக்கத்தைப் படம் எடுங்கள். உங்கள் பெயரில் உள்ள இணைப்பை மாற்றவோ நிறுத்தவோ எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு அறையையும், கிணற்றையும், மோட்டரையும் படம் எடுங்கள். கதவு நிலை, யன்னல் என்று கழற்றிக்கொண்டு போகாதீர்கள், அவையும் ஈட்டுக்குள் அடங்கும். சாமிப் படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் முதல் நாளே கொண்டுபோய்விடுங்கள். முற்றத்து மூலையில் வைரவர் சூலம் இருந்தால், ஐயரையோ ஊர்ப் பெரியவரையோ கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வங்கியும் அதற்கு மறுப்புச் சொல்லி நான் அறியவில்லை.

திறப்புகளை எண்ணிக் கொடுங்கள். இத்தனை திறப்பு, இன்ன திகதி, இன்ன நேரம், இன்னார் பெற்றுக்கொண்டார் என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அவருடைய கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.